திரை உடைந்த லேப்டாப்பை டியூப் டிவியில் இணைப்பது எப்படி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். மூத்த மகனுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பின் திரை உடைந்துவிட்டது. அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவி இன்னும் நன்றாக ஓடுகிறது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பாட வீடியோ பார்க்கவும் புத்தகப் பக்கங்களைப் படிக்கவும் ஒரு திரை வேண்டும். ஒரு முனையில் எச்டிஎம்ஐயும் (புது டிவிகளில் மாட்டும் தட்டையான பின்) மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின்களும் உள்ள கேபிளை 200 ரூபாய்க்கு வாங்கி மாட்டினீர்கள். நீலத் திரையைத் தவிர எதுவும் வரவில்லை. கோளாறு டிவியிலா, லேப்டாப்பிலா என்பது உங்கள் கேள்வி.

இரண்டிலும் இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்தக் கேபிளால் இந்த வேலையைச் செய்யவே முடியாது. அது பழுதான கேபிள் என்று நினைத்து இன்னொன்று வாங்கிவிடாதீர்கள், விலை கூடிய ஒன்றை வாங்கினாலும் இதே நீலத் திரைதான் வரும். பில் இருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எனக்கும் ஒரு கடையில் இதே கேபிளை "மாட்டினாலே படம் வந்துடும்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். பின் இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்துவதால் யாருக்கும் சந்தேகம் வராது. உங்கள் மேல் தவறே இல்லை.

ஏன் முடியாது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் அடுத்த தடவை கடைக்காரர் எதைக் காட்டினாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

மஞ்சள் பின்னில் படத்துக்கென்று இருப்பது ஒரே ஒரு கம்பி. படத்தின் வெளிச்சம், நிறம், ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு எல்லாம் அந்த ஒரு கம்பியில், சுமார் 1 வோல்ட் அளவுக்குள் ஏறி இறங்கும் மின்னழுத்தமாக வருகிறது. நம் நாட்டு டிவிகள் பால் (PAL) என்ற முறையில் ஓடுபவை. அதில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படத்தையும் இரண்டு தவணையாக வரைவார்கள், முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அப்புறம் இரட்டைப்படைக் கோடுகள். ஆக நொடிக்கு 15,625 கோடுகள். டியூப் டிவி எதையும் சேர்த்து வைத்துக்கொண்டு வரைவதில்லை. கம்பியில் வர வர, அந்தக் கணமே பிக்சர் டியூபின் கண்ணாடியில் கோடாக இழுத்துக்கொண்டே போகும்.

எச்டிஎம்ஐ முழுக்க வேறு விதம். அதன் 19 பின்களில் மூன்று ஜோடிகள் படத்தையும் ஒலியையும் எண்களாகக் கொண்டுபோகின்றன. சாதாரண 720 கோட்டுப் படத்துக்கே ஒவ்வொரு ஜோடியிலும் நொடிக்கு 74 கோடிக்கும் மேற்பட்ட துடிப்புகள். டிவியின் மஞ்சள் ஜாக்குக்குப் புரிவது நொடிக்கு அரைக் கோடி ஏற்ற இறக்கம் அளவுதான். இதெல்லாம் போகட்டும், அதற்கு முன்பே ஒரு தடை இருக்கிறது. எச்டிஎம்ஐயில் எதையாவது மாட்டியதும், மறுமுனையில் திரை இருக்கிறதா, அது என்னென்ன அளவுகளை ஏற்கும் என்று லேப்டாப் கேட்கும். திரைக்குள் இருக்கும் ஒரு சின்ன நினைவகம் அதற்குப் பதில் சொல்லும். நீங்கள் வாங்கிய கேபிளில் பதில் சொல்ல எதுவும் இல்லை. அதனால் தன்னிடம் ஒரு கேபிள் செருகியிருப்பதே லேப்டாப்புக்குத் தெரியாது. டிவிக்கு ஒரு துளி சிக்னலும் வராது. நீலத் திரைக்கு அதுதான் காரணம்.

லேப்டாப்பில் நீலநிற விஜிஏ ஜாக் (பழைய மானிட்டர்களை மாட்டும் ஜாக்) இருந்தால், "இதிலிருந்து மூன்று பின்னுக்கு ஒரு கேபிள் தரேன், இது பழைய டெக்னாலஜி, பழைய டிவிக்கு ஒத்துப்போகும்" என்று சொல்வார்கள். அதையும் வாங்க வேண்டாம். விஜிஏ எண்களாகப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது மிகக் குறைந்த அளவிலேயே நொடிக்குச் சுமார் 31,500 கோடுகளை அனுப்பும், டிவி எதிர்பார்க்கும் வேகத்தைப் போல இரண்டு மடங்கு. அந்த வகைக் கேபிள் சில புரொஜெக்டர்களுக்காகச் செய்யப்பட்டது. அந்த இடத்தில் அது ஒழுங்காக வேலை செய்யும், டியூப் டிவியில் செய்யாது. உங்களுடையதைவிடப் பழைய, 2000-களின் தொடக்கத்தில் வந்த சில லேப்டாப்களில் எஸ்-வீடியோ என்ற வட்டமான ஜாக் இருக்கும். அவற்றை நேரடியாக டிவியில் மாட்ட முடிந்தது. டிவிக்கான சிக்னலைத் தயாரிக்கும் சுற்று அந்தக் கணினிக்குள்ளேயே இருந்ததுதான் காரணம். இப்போதைய லேப்டாப்களில் அது இல்லை. அந்த வேலையை வெளியே ஒரு பெட்டியிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கடையில் கேட்க வேண்டியது "எச்டிஎம்ஐ டு ஏவி கன்வெர்ட்டர்". மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின்களைத்தான் ஏவி என்கிறார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய, கறுப்பு அல்லது வெள்ளை நிறப் பெட்டி. சுமார் 500 ரூபாய்க்குள் கிடைக்கும். சென்னைக்குப் போகிறவர் யாராவது இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கிவரச் சொல்லலாம், ஆன்லைனிலும் கிடைக்கிறது. வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் எச்டிஎம்ஐ 2 ஏவி என்று இருக்க வேண்டும். ஏவி 2 எச்டிஎம்ஐ என்று பார்ப்பதற்கு இதே மாதிரி இன்னொன்று உண்டு, அது பழைய டிவிடி பிளேயரைப் புது டிவியில் மாட்டுவதற்கானது. திருப்பிப் போட்டு உபயோகிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடுத்து, பக்கவாட்டில் பால், என்டிஎஸ்சி (NTSC, அமெரிக்க டிவி முறை) என்று மாற்றும் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்க வேண்டும். கடைசியாக, மின்சாரத்துக்கு யூஎஸ்பி வயர் கூடவே வர வேண்டும். எச்டிஎம்ஐ ஜாக்கிலேயே 5 வோல்ட் வரும், ஆனால் அதில் உறுதியாகக் கிடைப்பது 55 மில்லியாம்பியர்தான். அது இந்தப் பெட்டிக்குப் போதாது. யூஎஸ்பி வயர் மாட்டாமல் "படம் விட்டு விட்டு வருது" என்று பெட்டியைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். வீட்டில் கிடக்கும் பழைய ஃபோன் சார்ஜரே போதும்.

500 ரூபாயைச் செலவழிப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். எச்டிஎம்ஐ ஜாக் உள்ள எல்இடி டிவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய், சாதாரண எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டிப் பாருங்கள். திரை உடைந்த லேப்டாப் கீழே விழுந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். விழுந்ததில் ஜாக்கோ போர்டோ அடிபட்டிருந்தால் எந்தக் கன்வெர்ட்டரும் உதவாது. அங்கே படம் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

மாட்டியதும் தானாகவே படம் வந்துவிடலாம். வராவிட்டால், லேப்டாப்பைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, கடவுச்சொல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பது போல அடித்து எண்டர் தட்டுங்கள். பிறகு விண்டோஸ் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டு பி எழுத்தை இரண்டு தடவை தட்டி, கையை எடுத்துவிட்டு எண்டர் தட்டுங்கள். திரை எங்கே தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் அது. இரண்டாவது தட்டு, லேப்டாப்பில் மட்டும் என்பதிலிருந்து இரண்டிலும் ஒரே படம் என்பதற்கு நகர்த்தும். ஒரு தடவையில் வராவிட்டால் ஐந்து நொடி விட்டு மறுபடியும் செய்து பாருங்கள்.

பக்கத்து வீட்டு டிவியில் படம் தெளிவாகத் தெரியும்போதே சில வேலைகளை முடித்துவிட்டு வாருங்கள். பிறகு சின்ன டிவியில் அதையெல்லாம் தேடுவது கஷ்டம். மூடியை மூடினாலும் லேப்டாப் தூங்கிவிடாதபடி பவர் அமைப்பில் மாற்றுங்கள். உடைந்த கண்ணாடியைத் திறந்தே வைத்துக்கொண்டு பெண் பிள்ளை தினமும் தட்டச்சு செய்ய வேண்டாம். தட்டச்சுக்கும் நகர்த்தலுக்கும் ஒரு சாதாரண யூஎஸ்பி கீபோர்டும் மவுசும் இருந்தால், மூடியை முழுக்க மூடியே வைத்துவிடலாம். ஒலி அமைப்பில் மோனோ ஆடியோ என்பதை இயக்கிவிடுங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். உலாவியைத் திறந்து எழுத்தின் அளவை 150 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இனி வீட்டு டிவிக்கு வருவோம். மாட்டும்போது இரண்டையும் அணைத்துவிட்டு மாட்டுங்கள். லேப்டாப்பிலிருந்து கன்வெர்ட்டருக்குச் சாதாரண எச்டிஎம்ஐ கேபிள், கன்வெர்ட்டரிலிருந்து டிவிக்கு மூன்று பின் ஏவி கேபிள், கன்வெர்ட்டருக்கு சார்ஜர். ஸ்விட்சைப் பால் பக்கம் தள்ளுங்கள். பெட்டி வரும்போது பெரும்பாலும் என்டிஎஸ்சி பக்கம் இருக்கும். அது 525 கோடுகளும் நொடிக்கு 60 தவணையும் கொண்ட அமெரிக்க முறை. டிவி அதை ஏற்காவிட்டால் படம் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருக்கும், அல்லது கறுப்பு வெள்ளையில் தெரியும். டிவி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், ஸ்விட்சை மாற்றினால் சரியாகிவிடும்.

ரிமோட்டில் ஏவி அல்லது டிவி/ஏவி என்ற பொத்தான் இருக்கும். ரிமோட் தொலைந்திருந்தால் டிவியின் முன்பக்கப் பொத்தானில் சேனலை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள், சில செட்டுகளில் பூஜ்யத்துக்குக் கீழே ஏவி வரும். அப்படியும் ஒன்றும் தெரியவில்லையென்றால், செட்டாப் பாக்ஸின் மஞ்சள் பின்னை அதே ஜாக்கில் மாட்டிப் பாருங்கள். அதில் சேனல் தெரிந்தால் டிவியின் ஜாக் நன்றாக இருக்கிறது, குறை கன்வெர்ட்டர் பக்கம் என்று தெரிந்துவிடும்.

உங்கள் டிவியில் மஞ்சளும் வெள்ளையும் மட்டும்தான் இருக்கின்றன, சிவப்புக்கு இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது குறை இல்லை. சின்ன டிவிகளில் ஒரே ஸ்பீக்கர்தான், அதற்கு ஒரு பின் போதும். ஆனால் வெள்ளைப் பின்னில் இடது பக்க ஒலி மட்டும்தான் வரும். வலது பக்கம் பேச்சும் இடது பக்கம் பின்னணி இசையும் பதிவான ஒரு பாட வீடியோ வந்தால், ஆசிரியர் வாயசைப்பார், குரல் வராது. மோனோ ஆடியோவை இயக்கச் சொன்னது இதற்காகத்தான், இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பின்னில் வந்துவிடும். ஒலியே வராவிட்டால், ஒலி வெளிவரும் இடமாக லேப்டாப் ஸ்பீக்கருக்குப் பதில் எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுங்கள்.

படம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கண்ணில் படுவது, எல்லாரும் ஒல்லியாக, உயரமாகத் தெரிவது. லேப்டாப்பின் திரை அகலமானது, 16-க்கு 9. டியூப் டிவி 4-க்கு 3. கன்வெர்ட்டர் அந்த அகலத்தை அப்படியே பிடித்து உள்ளே அமுக்கிவிடுகிறது. டிஸ்ப்ளே அமைப்பில் 1024-க்கு 768 அல்லது 800-க்கு 600 என்று தேர்ந்தெடுங்கள். இரண்டும் 4-க்கு 3 வடிவம், டிவித் திரையில் சரியாகப் பொருந்தும். நான் 800-க்கு 600-ஐத்தான் சொல்வேன்.

அடுத்தது, நான்கு ஓரத்திலும் கொஞ்சம் கொஞ்சம் காணாமல் போயிருக்கும். விண்டோஸின் அடிப்பட்டையே தெரியாமல் போகலாம். டியூப் டிவிகளை அப்படித்தான் செய்தார்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியக் கூடாது என்பதற்காக, படத்தைச் சட்டத்துக்கு வெளியே கொஞ்சம் வழிய விடுவார்கள். டிவி நிகழ்ச்சி எடுப்பவர்களுக்கு இது தெரியும், ஓரத்தில் முக்கியமான எதையும் வைக்க மாட்டார்கள். கணினிக்கு அது தெரியாது, ஓரத்தில்தான் கடிகாரமும் பட்டியலும் வைக்கிறது. லேப்டாப்பின் கிராபிக்ஸ் அமைப்பில் படத்தைச் சுருக்கும் வசதி இருந்தால், எல்லாப் பக்கமும் 5 சதவீதம் அளவுக்கு உள்ளே இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடிப்பட்டையைப் பக்கவாட்டுக்கு மாற்றி, கொஞ்சம் தடிமனாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது எழுத்து. உங்கள் மகள் தினமும் மோதப்போவது இதனோடுதான் என்பதால் இதைப் பற்றி அதிகமாகவே எழுதுகிறேன்.

மஞ்சள் கம்பி கொண்டுவரும் விவரத்துக்கு ஓர் எல்லை உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு கோட்டில் ஐந்நூற்றுச் சொச்சம் புள்ளிகள்தான் தனித்தனியாகத் தெரியும். சின்ன டியூபில் அதுவும் குறையும். லேப்டாப் திரையில் ஒரு கோட்டுக்கு 1366 புள்ளிகள். இரண்டரைப் புள்ளியில் வரைந்ததை ஒரு புள்ளிக்குள் திணிக்கிறோம். நிறத்துக்கு இன்னும் குறைந்த இடம்தான், அதனால் சிவப்பு எழுத்து நீலப் பின்னணியில் இருந்தால் கரைந்தே போய்விடும். நிறத்தின் சிக்னலும் வெளிச்சத்தின் சிக்னலும் ஒரே கம்பியில் கலந்து வருவதால், நிறமுள்ள எழுத்துகளின் ஓரத்தில் எறும்பு ஊர்வது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் நகரும்.

ஆங்கில எழுத்தே திணறும் இடத்தில் தமிழ் எழுத்தின் பாடு தனி. ண-வுக்கு மூன்று சுழி, ன-வுக்கு இரண்டு சுழி. சிறிய அளவில் இரண்டும் ஒரே கறுப்புத் திட்டு. ர-வும் கால் எழுத்தும் ஒன்றாகத் தெரியும். ணு, னு, ளு எல்லாவற்றையும் ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். மெய்யெழுத்தின் புள்ளி விழுந்துவிட்டால் "கல்" "கல" ஆகிவிடும். உயிரியல் பாடத்தில் ஒரு சொல்லை மூன்று தடவை உற்றுப் பார்க்கும் பிள்ளைக்கு அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். இதை அவள் தன் கண்ணில் கோளாறு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

டிவியையே கணினித் திரையாக வைத்துக்கொண்டு ஒரு காலம் ஓடியிருக்கிறது. 1982-இல் இங்கிலாந்தில் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த கொமடோர் 64 இரண்டும் வீட்டு டிவியில் மாட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. ஸ்பெக்ட்ரத்தில் ஒரு வரிக்கு 32 எழுத்துகள், கொமடோரில் 40. நினைவகம் விலை அதிகம் என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் வீட்டு டிவியில் அதற்கு மேல் எழுத்துகளை நெருக்கினால் படிக்கவும் முடியாது. அந்த அளவு நமக்கு இன்றைக்கும் உதவும். ஒரு வரியில் 40 ஆங்கில எழுத்துகளுக்கு மேல் இல்லாதபடி பெரிதாக்குங்கள், தமிழுக்கு 25 எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். உலாவியில் கன்ட்ரோல் பொத்தானோடு கூட்டல் குறியைத் தட்டத் தட்ட எழுத்து பெரிதாகும். புத்தகப் பிடிஎஃப் என்றால் முழுப் பக்கத்தையும் ஒரே திரையில் அடக்கப் பார்க்காமல், பக்கத்தின் மேல் கால்பாகம் மட்டும் தெரியும்படி வைத்து நகர்த்திப் படிக்கச் சொல்லுங்கள்.

தடித்த எழுத்துரு, கறுப்பின் மேல் இளஞ்சாம்பல் நிற எழுத்து, இவை இரண்டும் கண்ணுக்கு நல்லது. தூய வெள்ளைப் பின்னணி டியூபில் பூத்துப்போய் எழுத்தை விழுங்கிவிடும். டிவியின் மெனுவில் ஷார்ப்னஸைக் கூட்டினால் தெளிவு வரும் என்று தோன்றும், உண்மையில் எழுத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளை நிழல்தான் கூடும். அதைக் குறைத்து வையுங்கள், கான்ட்ராஸ்ட்டையும் பாதிக்குச் சற்று மேலே மட்டும். எக்செல் கட்டங்கள் போன்ற மெல்லிய கிடைக்கோடுகள் துடித்துக்கொண்டே இருக்கும். ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தவணை, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு தவணை என்று சொன்னேன் அல்லவா, ஒரே ஒரு கோட்டில் மட்டும் இருக்கும் எதுவும் நொடிக்கு 25 தடவைதான் ஒளிரும். அதை எந்த அமைப்பாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

வீடியோவில் இந்தத் தொல்லை எதுவும் பெரிதாக இருக்காது. ஆசிரியர் கரும்பலகையில் பெரிதாக எழுதிப் பாடம் நடத்தும் வீடியோ இந்த டிவியில் அழகாகவே தெரியும். இந்தப் பெட்டி பிறந்ததே நகரும் படத்துக்காகத்தான். தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கேபிள் டிவியில் அது வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், வந்தால் சில பாடங்களுக்கு லேப்டாப்பே தேவைப்படாது. கட்டணம் கட்டிப் பார்க்கும் சில சினிமா ஆப்கள் மட்டும் கன்வெர்ட்டரைக் கண்டதும் கறுப்புத் திரையைக் காட்டும், நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு அது. பாட வீடியோக்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

செட்டாப் பாக்ஸும் அதே மஞ்சள் ஜாக்கில்தான் மாட்டியிருக்கிறது, தினமும் கழற்றி மாட்டினால் ஜாக் ஆடிப்போகும் என்று உங்கள் மனைவி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது சரி. டிவியின் முன்பக்கமோ பக்கவாட்டிலோ இரண்டாவது ஏவி ஜாக் இருக்கிறதா என்று பாருங்கள், சிலவற்றில் ஒரு சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும். இல்லையென்றால் ஏவி செலக்டர் என்ற பொத்தான் பெட்டி கிடைக்கும், இரண்டையும் மாட்டிவிட்டுப் பொத்தானை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அப்படி இரண்டும் சேர்ந்திருக்கும்போது படத்தில் மெல்லிய பட்டைகள் மேலே ஏறிக்கொண்டே இருந்தாலோ, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தாலோ, கேபிள் டிவிக் கம்பியைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருக்கும் இரண்டு கம்பிகள் ஒன்றாகச் சேர்வதால் வரும் தொல்லை அது.

இதே போன்ற டிவியை வைத்திருக்கும் மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இன்னும் சில சொல்ல வேண்டும். ஏவி ஜாக்கே இல்லாத, ஆன்டெனா ஓட்டை மட்டும் உள்ள மிகப் பழைய டிவி என்றால், கன்வெர்ட்டருக்குப் பிறகு ஆர்எஃப் மாடுலேட்டர் என்ற இன்னொரு பெட்டி வேண்டும். அது படத்தை ஒரு சேனலாக மாற்றி ஆன்டெனா வழியே அனுப்பும், டிவியில் அந்தச் சேனலைத் தேடி வைக்க வேண்டும். தெளிவு இன்னும் ஒரு படி குறையும். எழுத்து படிக்க அது உதவாது.

அப்படிப்பட்ட டிவியில், "பின்னால் ஒரு ஓட்டை போட்டு ஏவி ஜாக் வச்சுத் தரேன்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பழைய டிவிகள் பலவற்றில் உள்ளே இருக்கும் சேசிஸே (உலோகச் சட்டம்) நேரடியாகக் கரண்டோடு தொடர்புள்ளது. ஆன்டெனா ஓட்டைக்கு மட்டும் நடுவில் தடுப்பு வைத்திருப்பார்கள். அந்தத் தடுப்பு இல்லாமல் ஒரு ஜாக்கை வெளியே கொண்டுவந்தால், அதன் உலோக விளிம்பைத் தொடுவதும் சுவரில் உள்ள பிளக்கைத் தொடுவதும் ஒன்று. அதில் லேப்டாப்பை மாட்டினால் லேப்டாப்பும் போகும், அதைத் தொட்டுக்கொண்டிருப்பவருக்கும் ஆபத்து. ஏவி ஜாக்கோடு கம்பெனியிலிருந்தே வந்த உங்களுடையது போன்ற டிவிகளில் இந்தப் பயம் இல்லை. ஆனாலும் எந்த டியூப் டிவியின் பின்மூடியையும் நீங்களாகத் திறக்காதீர்கள். கலர் டியூபுக்குள் 20,000 வோல்ட்டுக்கும் மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கொஞ்சம் டியூபில் தங்கியிருக்கும்.

டியூப் இல்லாமல் பத்துப் பதினைந்து வருடப் பழைய எல்சிடி டிவி இருப்பவர்களுக்கு வேலை மிக எளிது. பின்னால் எச்டிஎம்ஐ இருந்தால் நேரடியாக மாட்டலாம். பிசி என்று எழுதிய விஜிஏ ஜாக் இருந்தால் விஜிஏ கேபிளோடு, ஒலிக்கு இயர்ஃபோன் ஓட்டையிலிருந்து ஒரு தனிக் கம்பி. எழுத்து கூர்மையாகத் தெரியும். சில செட்டுகளில் மஞ்சளுக்குப் பதில் பச்சை ஜாக் இருக்கும். அதில் மஞ்சளை மாட்டும்போது படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், மெனுவில் கம்போனன்ட் என்பதிலிருந்து ஏவி என்று மாற்றிப் பாருங்கள். இன்னும் சிலவற்றில் மூன்று பின்னும் சேர்ந்து ஒரே இயர்ஃபோன் அளவு ஓட்டையாக இருக்கும். அதற்கான கேபிள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறு கேபிளை மாட்டிப் படம் வராவிட்டால், மஞ்சள் இடத்தில் சிவப்பைச் செருகிப் பாருங்கள், பல நேரம் படம் அதில் ஒளிந்திருக்கும்.

கடைசியாக, பணம். கன்வெர்ட்டருக்கும் எச்டிஎம்ஐ கேபிளுக்கும் சேர்த்து 700 ரூபாய் வரை ஆகலாம். மகளுக்குத் தேவை முக்கியமாகப் பாட வீடியோதான் என்றால் தயங்காமல் வாங்குங்கள். ஆனால் தினமும் இரண்டு மணி நேரம் படிக்கவும் தட்டச்சு செய்யவும் போகிறாள் என்றால், இன்னும் கொஞ்சம் சேர்த்து, கணினிக் கடையில் பழைய 17 அல்லது 19 இன்ச் எல்சிடி மானிட்டர் ஒன்றை விசாரியுங்கள். அலுவலகங்கள் கழித்துவிடும் மானிட்டர்கள் 1500 ரூபாய் அளவில் கிடைப்பதுண்டு. வாங்கும் முன் கடையிலேயே லேப்டாப்பை மாட்டி, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, கோடு விழுகிறதா, ஓரம் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். அதில் விஜிஏ மட்டும் இருந்தால், லேப்டாப்பின் விஜிஏ ஜாக்கிலிருந்து நேரடியாக மாட்டலாம். லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால், எச்டிஎம்ஐ டு விஜிஏ என்று ஒரு குட்டி கன்வெர்ட்டர் சேர்த்து வாங்க வேண்டும். அந்த மானிட்டர்கள் பலவற்றில் ஸ்பீக்கர் இருக்காது. ஒலியை லேப்டாப் ஸ்பீக்கரிலேயே வரும்படி வைத்துவிடுங்கள்.